எண்ணெய் நடந்த பாதை – 14: நிறுத்தத் தெரிந்த இயந்திரம்

பென்சில்வேனியாவின் கோரிவில்லில் 1879 மே 28 அன்று பம்பை ஓடவிட்டார்கள். 109 மைல் தள்ளி, அலகெனி மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வில்லியம்ஸ்போர்ட்டில் எண்ணெய் தலைகாட்டியது ஜூன் 4 அன்று. நடுவில் ஒரு வாரம். டைட்வாட்டர் கம்பெனியின் அந்த ஆறு அங்குலக் குழாய் எப்படிப் போடப்பட்டது, ஸ்டாண்டர்டு ஆயில் அதை எப்படியெல்லாம் மறித்தது என்பதைச் சென்ற இதழில் பார்த்தோம். இந்த இதழில் அந்த ஒரு வாரத்துக்குள் நுழைந்து பார்க்கலாம். மலைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது பம்பை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரிந்தது? எண்ணெய் ஓடுகிறதா, நின்றுவிட்டதா, வழியில் ஏதோ ஒரு பள்ளத்தில் ஒழுகிக்கொண்டிருக்கிறதா என்று எதை வைத்துச் சொன்னார்கள்?

வெளியே நிற்பவருக்குக் குழாய் எதையும் காட்டிக்கொடுக்காது. உள்ளே எண்ணெய் பாய்ந்தாலும் தேங்கினாலும் இரும்பு ஒரே மாதிரிதான் இருக்கும். எண்ணெயைத் தள்ளுவதற்கு எவ்வளவு பாடுபட்டார்களோ, தள்ளிய எண்ணெய் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் அவ்வளவு பாடுபட்டார்கள். நாள் முழுக்க ஆள் நின்று பார்த்த காலத்திலிருந்து, ஆளே இல்லாத பம்ப் நிலையங்கள் வந்த காலம் வரையிலான கதை இது. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும், தூரத்திலிருந்து பொத்தானை அழுத்திப் பம்பை ஓடவிட்டதையே சாதனையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ, பம்ப் தானாகவே நின்றுகொள்ளக் கற்றதுதான் பெரிய திருப்பம் என்று படுகிறது. அது மட்டும் நடக்காமல் போயிருந்தால், நூறு மைல் தள்ளி உட்கார்ந்து பொத்தானை அழுத்தும் துணிச்சல் யாருக்கும் வந்திருக்காது.

டைட்வாட்டர் குழாயில் பம்ப் நிலையங்கள் இரண்டே இரண்டு: கோரிவில், ஓல்ம்ஸ்டெட். இரண்டும் நீராவியில் ஓடியவை. நீராவிப் பம்ப் நிலையம் என்றால் பாய்லர் உண்டு. பாய்லருக்கு நெருப்புப் போட ஆள் வேண்டும். தண்ணீர் மட்டத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பம்பின் தண்டுகளுக்கும் வால்வுகளுக்கும் எண்ணெய் விட ஆள் வேண்டும். இவர்களுக்கு மேல் ஒரு இன்ஜினியர். பின்னால் வந்த நிலையங்களில் தந்தி அடிக்கிறவரும் சேர்ந்துகொண்டார். இரவு பகல் ஷிப்ட் என்று கணக்குப் போட்டால், ஒரு பம்ப் நிலையம் என்பதே ஒரு சிறு குடியிருப்புதான். ஊரிலிருந்து விலகிக் காட்டிலோ வெட்டவெளியிலோ இருந்ததால், பிற்காலத்தில் பல கம்பெனிகள் நிலையத்தை ஒட்டியே வீடுகளும் கட்டிக்கொடுத்தன. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பம்பின் சத்தத்தோடு தூங்கிப் பழகியவர்கள்.

அந்த இன்ஜினியரின் கண்ணெல்லாம் ஒரு முள்ளின்மேல் இருக்கும். பாரிஸில் யூஜீன் பூர்தோன் 1849-இல் காப்புரிமை வாங்கிய அழுத்தமானி அது. உள்ளே இருப்பது வளைத்த ஒரு தட்டைக் குழல். அழுத்தம் ஏறினால் வளைவு கொஞ்சம் நிமிரும். அந்த அசைவைச் சிறு பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். இவ்வளவுதான் கருவி. இந்த முள் வழக்கத்துக்கு மாறாக இறங்கினால் முன்னே எங்கோ குழாய் உடைந்திருக்கலாம். ஏறினால் முன்னே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கலாம். எங்கே என்று முள் சொல்லாது. குழாயை ஒட்டியே நடந்து பார்க்கும் காவலாள்தான் போய்க் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு வழி, கணக்கு. ஒவ்வொரு நிலையத்திலும் பெரிய தொட்டிகள் இருந்தன. பெட்ரோல் பங்க்கில் டிப் பார்ப்பார்களே, அதே வேலைதான்: தொட்டிக்கு மேலே ஏறி, அளவு நாடாவை இறக்கி, எண்ணெய் எத்தனை அங்குலம் நிற்கிறது என்று பார்த்து, அட்டவணையை வைத்துப் பீப்பாயாக மாற்றுவார்கள். குறித்த நேரத்துக்கு ஒருமுறை இந்த எண்கள் தந்தியில் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஒருவர் பெரிய பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு, இந்த நிலையம் அனுப்பியது இவ்வளவு, அடுத்த நிலையம் வாங்கியது இவ்வளவு என்று கழித்துப் பார்ப்பார். வித்தியாசம் கூடினால் ஒழுக்கு, அல்லது திருட்டு, அல்லது டிப் பார்த்தவரின் கைப்பிழை. வெயில் ஏறினால் எண்ணெய் விரியும் என்பதால் வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இந்தக் கணக்கு எவ்வளவு முரட்டுத்தனமானது என்பதற்கு ஓர் உதாரணம். 93 அடி விட்டமுள்ள தொட்டியில் கால் அங்குலம் தப்பாகப் படித்தால் 25 பீப்பாய் உதைக்கும். அதைவிடச் சிறிய ஒழுக்கு இந்த வலையில் சிக்காது. நாட்கணக்கில் ஒழுகிச் சேர்ந்த பிறகுதான் பேரேட்டில் தெரியும். அதற்குள் யாராவது விவசாயி தன் ஓடையில் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

ஆனாலும் அந்தத் தொட்டிகள் இன்னொரு பெரிய உதவி செய்தன. பின்னால் வரும் நிலையம் தொட்டியில் கொட்டும். முன்னே தள்ளும் பம்ப் அதே தொட்டியிலிருந்து உறிஞ்சும். ஒரு நிலையம் நின்றாலும் அடுத்தது தன் தொட்டி தீரும்வரை ஓடிக்கொண்டிருக்கும். ஒருவருக்கு நேர்ந்த தடுமாற்றம் மற்றவரைத் தொடாது. இடையில் இருந்த சில மணி நேர அவகாசம், தந்தி அடித்து, பதில் வந்து, யோசித்துச் செய்யப் போதுமானதாக இருந்தது.

அந்த அவகாசம் பறிபோனபோதுதான் தானியங்கிக் கருவிகளுக்கு வேலை வந்தது.

*

1930, 31-இல் அமெரிக்காவில் பெட்ரோலையே நீண்ட குழாய்களில் அனுப்பத் தொடங்கினார்கள். சன் ஆயிலின் சஸ்குவெஹானா குழாய், ஓக்லஹோமாவிலிருந்து வடக்கே போன கிரேட் லேக்ஸ் குழாய் ஆகியவை அந்த வரிசையில் முன்னோடிகள். ஒரே குழாயில் பெட்ரோல், அதன் பின்னே மண்ணெண்ணெய், அதன் பின்னே வேறொன்று என்று வரிசையாக அனுப்பும்போது, ஒவ்வொரு நிலையத்திலும் தொட்டியில் இறக்கி ஏற்றினால் எல்லாம் கலந்துவிடும். பெட்ரோல் ஆவியாகிப் போகும் நஷ்டமும், இடி விழுந்து தொட்டி பற்றிக்கொள்ளும் ஆபத்தும் வேறு. ஆகவே தொட்டியைத் தவிர்த்து, குழாயிலிருந்து வருவதை நேரடியாகப் பம்புக்குள் விட்டு, மறுபுறம் தள்ளினார்கள். இதை டைட் லைன் என்பார்கள். சிக்கனமான ஏற்பாடு. ஆனால் நூற்றுக்கணக்கான மைல் நீளக் குழாயும் அதிலிருக்கும் எல்லாப் பம்புகளும் இப்போது ஒரே உடம்பாகிவிட்டன.

ஓடிக்கொண்டிருக்கும் திரவத்தைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மாஸ்கோவில் நிகோலாய் ஜுக்கோவ்ஸ்கி 1897, 98-இல் நகரத்தின் குடிநீர்க் குழாய்களை வைத்தே சோதித்திருந்தார். நின்ற இடத்திலிருந்து ஓர் அழுத்த அலை புறப்பட்டுக் குழாய் வழியே ஓடும். அதன் வேகம் எண்ணெய்க் குழாயில் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். திரவத்தின் அடர்த்தி, அலையின் வேகம், ஓட்டத்தில் ஏற்பட்ட மாற்றம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அழுத்தம் எவ்வளவு எகிறும் என்பது கிடைத்துவிடும். பள்ளி மாணவர்கூடப் போடக்கூடிய பெருக்கல்தான். ஆனால் குழாய்க்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்த பெருக்கல்.

இதை ஒரு பெரிய குழாயில் போட்டுப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் எண்ணெய்க் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தபோது, டெக்சாஸ் எண்ணெயைத் தரைவழியே கொண்டுவர அரசு பணம் போட்டுக் கட்டிய 24 அங்குலக் குழாய்தான் பிக் இஞ்ச். 1942 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. லாங்வியூவிலிருந்து பென்சில்வேனியாவின் பீனிக்ஸ்வில் வரை 1,254 மைல். 1943 ஆகஸ்டில் எண்ணெய் போய்ச் சேர்ந்தது. நாளொன்றுக்கு 3,00,000 பீப்பாய். அந்த அளவு போக வேண்டுமானால் குழாய்க்குள் எண்ணெய் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், அதாவது வேகநடை நடக்கும் மனிதரின் வேகத்தில் போக வேண்டும். அதைத் திடீரென்று முழுவதுமாக நிறுத்தினால் எகிறும் அழுத்தம், தோராயக் கணக்கில், சதுர சென்டிமீட்டருக்கு 19 கிலோ. ஏற்கெனவே குழாயில் இருக்கும் அழுத்தத்துக்கு மேல் இது வந்து உட்காரும்.

பிக் இஞ்ச்சில் சுமார் 50 மைலுக்கு ஒரு நிலையம். ஒவ்வொன்றிலும் 1,500 குதிரைத்திறன் மின்மோட்டார்களால் ஓடும் மூன்று மையவிலக்குப் பம்புகள், ஒன்றின் வாயிலிருந்து அடுத்ததன் வாய்க்கு என்று தொடராக. ஒரு நிலையத்தில் மின்சாரம் போய்விட்டது என்று வையுங்கள். அதற்குப் பின்னால் இருக்கும் நிலையத்துக்கு அழுத்த அலை போய்ச்சேர ஒன்றேகால் நிமிடம் ஆகும். முன்னால் இருக்கும் நிலையத்துக்கு அதே நேரத்தில் வறட்சி போய்ச்சேரும். அதன் பம்ப் உறிஞ்ச எண்ணெய் போதாமல் தவிக்கும். அழுத்தம் மிகவும் குறைந்தால் எண்ணெய் பம்புக்குள்ளேயே குமிழ் குமிழாக ஆவியாகி, அந்தக் குமிழ்கள் சக்கரத்தின்மேல் வெடித்து உலோகத்தை அரித்துவிடும். அப்போது பம்ப் சரளைக்கல்லை அரைப்பதுபோல் சத்தம் போடும்.

நின்றுபோன நிலையத்தில் இருப்பவர் ஓடிப்போய்த் தொலைபேசியைச் சுற்றி, அடுத்த நிலையத்துக்காரரைப் பிடித்து, விஷயத்தைச் சொல்லி, அவர் போய் மோட்டாரை அணைப்பதற்கு ஒன்றேகால் நிமிடம் போதுமா? எப்போதாவது போதலாம். இரவு இரண்டு மணிக்குப் போதாது. மனிதர்களின் செய்தியைவிட எண்ணெயின் செய்தி முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளவும் உடனே பதில் செய்யவும் ஒவ்வொரு நிலையத்திலும் ஆளைவிட வேகமான ஒன்று நிற்க வேண்டியதாயிற்று. ஆள் கூலியை மிச்சம் பிடிக்கவே தானியங்கிகள் வந்தன என்று எழுதுகிறார்கள். கூலி ஒரு காரணம்தான். பின்னால் அதுவே முதல் காரணமாகவும் ஆனது. ஆனால் தொடக்கத்தில் அவற்றை உள்ளே அழைத்துவந்தது இந்த ஒன்றேகால் நிமிடம்.

*

இந்த வேலைக்கு மின்மோட்டார் வாகாக அமைந்தது. டீசல் இன்ஜினைக் கிளப்ப வேண்டுமானால் அழுத்தக் காற்று வேண்டும், குளிர்நீர் ஓட வேண்டும், மசகெண்ணெய் ஏற வேண்டும், கொஞ்ச நேரம் சூடாக விட வேண்டும். பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்கும் ஆள் வேண்டும். மின்மோட்டாருக்கு ஒரு சுவிட்ச் போதும். மையவிலக்குப் பம்பும் அப்படியே. முன்னே வால்வு மூடியிருந்தால் பழைய முன்பின் தண்டுப் பம்ப் எதையாவது உடைத்துவிட்டுத்தான் ஓயும்; மையவிலக்குப் பம்ப் உள்ளேயே சுழன்று சூடாகும், அவ்வளவுதான். அதற்குள் நிறுத்திவிடலாம்.

1950-களின் ஓர் ஆளில்லா நிலையத்தின் உள்ளே போய்ப் பார்ப்போம். வெளியேறும் குழாயில் ஒரு கட்டுப்பாட்டு வால்வு இருக்கும். அதை அசைப்பது அழுத்தக் காற்று. அந்தக் காற்றின் அளவைத் தீர்மானிக்க இரண்டு கட்டுப்பாட்டுக் கருவிகள். ஃபாக்ஸ்போரோ போன்ற கம்பெனிகள் 1930-களில் ஆலைகளுக்காகச் செய்த காற்றுக் கருவிகளின் வாரிசுகள் இவை. ஒன்று உள்ளே வரும் அழுத்தத்தைப் பார்க்கும். அது ஒரு வரம்புக்குக் கீழே போனால், ‘வால்வை மூடு, அடுத்தவன் எண்ணெயைப் பிடித்து இழுக்காதே’ என்று சொல்லும். மற்றொன்று வெளியே போகும் அழுத்தத்தைப் பார்க்கும். அது வரம்பை மீறினால், ‘வால்வை மூடு, குழாயைக் கிழிக்காதே’ என்று சொல்லும். இரண்டில் எது அதிகமாக மூடச் சொல்கிறதோ அதன் பேச்சுக்கே வால்வு கட்டுப்படும். இந்த ஏற்பாட்டை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நிலையத்துக்குக் கொடுக்கப்பட்ட புத்தி முழுவதும் அடக்கத்தின் பக்கம் சாய்ந்த புத்தி.

வால்வு சமாளிக்க முடியாமல் போனால் அடுத்த வரிசை காவலர்கள் இருக்கிறார்கள். உள்ளழுத்தம் மிகக் குறைந்ததா, டிரிப், அதாவது பம்ப் தானாக நின்றுவிடும். வெளியழுத்தம் மிக ஏறியதா, டிரிப். பேரிங் சூடாகிவிட்டது, மோட்டாரின் சுருள் சூடாகிவிட்டது, பம்பின் உடல் சூடாகிவிட்டது, சீல் வழியே ஒழுகுகிறது, பம்ப் அறையில் எண்ணெய் ஆவி சேர்ந்திருக்கிறது, எதுவாக இருந்தாலும் டிரிப். கிளம்பும்போதும் இதே கண்டிப்புதான். மசகெண்ணெய் அழுத்தம் வந்ததா, உள்வால்வு திறந்ததா, மோட்டார் வேகம் பிடித்ததா, குறித்த விநாடிகளுக்குள் வெளியழுத்தம் ஏறியதா என்று படிப்படியாகச் சரிபார்க்கும். ஏதாவது ஒரு படியில் விடை வரவில்லை என்றால் முயற்சியைக் கைவிட்டு நின்றுகொள்ளும்.

இதிலும் இரண்டு வகை பிரித்தார்கள். உள்ளழுத்தம் குறைந்ததால் நின்றது என்றால், அது அக்கம்பக்கத்தில் நடந்த ஏதோ ஒன்றின் விளைவு. அழுத்தம் திரும்பியதும் மறுபடி கிளம்பலாம். பேரிங் சூடானதால் நின்றது என்றால் அப்படி விட முடியாது. அதற்கென்று ஒரு ரிலே இருக்கும். விழுந்துவிட்டால் தூரத்திலிருந்து எத்தனை பொத்தான் அழுத்தினாலும் எழுந்திருக்காது. ஓர் ஆள் வண்டியெடுத்து வந்து, கதவைத் திறந்து, என்ன ஆயிற்று என்று கண்ணால் பார்த்து, கைப்பிடியைக் கையால் திருகிய பிறகே பம்ப் மறுபடி ஓடும். நம்மூர் மின்வாரியத் துணைமின் நிலையங்களில் வேலை பார்த்தவர்களுக்கு 86 என்ற எண்ணைச் சொன்னால் போதும். அந்த ரிலேதான் இது. அமெரிக்க மின் பொறியாளர் கழகம் 1920-களின் இறுதியில், ஆளில்லாத் துணைமின் நிலையங்களில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் என்று போட்ட பட்டியலிலிருந்து வந்த எண் அது.

*

அந்த எண் மின்துறையிலிருந்து வந்ததில் ஆச்சரியமில்லை. நிலையத்தை ஆளில்லாமல் ஓட்டும் கலையே அங்கிருந்து வந்ததுதான். 1910-களில் இல்லினாயின் மின்சார ரயில் பாதைகளில், சுமை வரும்போது தானாகக் கிளம்பி, சுமை போனதும் தானாக நிற்கும் துணைமின் நிலையங்கள் வந்துவிட்டன. 1920-களில் வெஸ்டிங்ஹவுஸ், ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற கம்பெனிகள் அவற்றைத் தூரத்திலிருந்து பார்க்கவும் இயக்கவும் கருவி செய்தன. அதற்குத் தேவையான உதிரிப் பாகம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் தயாராக இருந்தது. கான்சஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-இல் காப்புரிமை வாங்கிய தானியங்கி சுவிட்ச், தொலைபேசியிலிருந்து வரும் மின்துடிப்புகளை எண்ணிச் சரியான இணைப்பில் போய் நிற்கும். போட்டியாளருக்கு வேண்டிய எக்ஸ்சேஞ்ச் பெண்மணி தன் வாடிக்கையாளர்களைத் திருப்பிவிடுகிறார் என்ற ஆத்திரத்தில் அவர் அதைச் செய்தார் என்று சொல்வார்கள். எண்ணி ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், எண்ணி ஒரு வால்வையும் தேர்ந்தெடுக்க முடியும்தானே.

ஆனால் தொலைபேசியில் தப்பான எண் விழுந்தால் மன்னிப்புக் கேட்டு வைத்துவிடலாம். தப்பான வால்வு மூடினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். அதனால் மின்துறைக்காரர்கள் ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். குழாய்க்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் முதலில் எந்தக் கருவி என்பதை மட்டும் தேர்ந்தெடுப்பார். துடிப்புகளின் கோர்வை ஒன்று, ஒரே ஒரு ஜோடித் தொலைபேசிக் கம்பி வழியே, நிலையத்துக்குப் போகும். அங்கே ரிலேக்கள் டக் டக்கென்று விழுந்து அந்தக் கருவியைப் பிடிக்கும். பிடித்ததும், தான் எதைப் பிடித்திருக்கிறேன் என்பதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லும். அதாவது அந்தக் கருவிக்கு உரிய கோர்வையைத் திருப்பி அனுப்பும். போனதும் வந்ததும் பொருந்தினால்தான் மேசையில் விளக்கு எரியும். அதன் பிறகே ‘ஓடு’ அல்லது ‘நில்’ என்ற கட்டளை. கட்டளை நிறைவேறியதா என்பதும் தனியாகத் திரும்பி வர வேண்டும். வந்தால் விளக்கின் நிறம் மாறும். ஓடினால் சிவப்பு, நின்றால் பச்சை. சாலை விளக்குக்குப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். மின்துறையில் மின்சாரம் பாய்கிற இடம்தான் ஆபத்தான இடம், நின்றுபோனது பத்திரமானது. அந்த வழக்கம் அப்படியே எண்ணெய்க்கும் வந்தது.

அளவுகளை அனுப்புவதில் வேறொரு சிக்கல். அழுத்தத்துக்கு ஏற்ப மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து அனுப்பினால், மழையில் நனைந்த கம்பியில் மின்சாரம் கசிந்து, முள் பொய் சொல்லும். கனெக்டிகட்டின் பிரிஸ்டல் கம்பெனி தன் மெட்டாமீட்டர் என்ற கருவியில் இதை அழகாகத் தீர்த்தது. மின்னோட்டத்தின் வலிமையில் செய்தி இல்லை, அதன் நேர நீளத்தில்தான் செய்தி. குறிப்பிட்ட விநாடிகளுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு. அழுத்தம் அதிகமானால் துடிப்பு நீண்டிருக்கும், குறைந்தால் சுருங்கியிருக்கும். கம்பி நனைந்து துடிப்பு மெலிந்தாலும் அதன் நீளம் மாறாது. மறுமுனையில் வட்டமான தாள் 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும். அதன்மேல் மைமுள் கோடு போட்டுக்கொண்டே போகும். காலையில் ஷிப்டுக்கு வருகிறவர் தாளைப் பார்த்தவுடன் இரவு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வார். எந்த இடத்தில் கோடு நடுங்கியிருக்கிறது, எங்கே சரிந்து மறுபடி ஏறியிருக்கிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் கிடைத்துவிடும். பின்னால் வந்த எண் காட்டும் திரைகளில் இந்த வசதி நெடுநாள் இல்லாமல் போனது.

கம்பி அறுந்துவிட்டால் நிலையம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கும் விடை தேட வேண்டியிருந்தது. உடனே நின்றுவிட வேண்டும் என்பது முதலில் தோன்றும் விடை. ஆனால் தொலைபேசிக் கம்பியின்மேல் மரம் விழுந்த ஒவ்வொரு முறையும் பம்ப் நின்றால், அந்த நிறுத்தமே அழுத்த அலையைக் கிளப்பும். அதனால் பொதுவாக எடுத்த முடிவு: செய்தி நின்றாலும், கடைசியாக இருந்த நிலையிலேயே நிலையம் ஓடட்டும், அதன் சொந்தக் காவலர்கள் பார்த்துக்கொள்வார்கள். உள்ளூர்க் காவல்மேல் அந்த அளவு நம்பிக்கை வந்த பிறகே கண்ட்ரோல் ரூம் என்ற ஒன்றுக்கு அர்த்தம் வந்தது. போருக்குப் பின் ரேடார் தொழில்நுட்பத்திலிருந்து வளர்ந்த மைக்ரோவேவ் கோபுரங்கள் வந்து, 1950-களில் அமெரிக்கக் குழாய்க் கம்பெனிகள் தங்களுக்கென்று தனி அலைவரிசைச் சங்கிலிகள் கட்டிக்கொண்டபோது, மரம் விழும் தொல்லையும் பெருமளவு போனது. அதற்குப் பின் கம்ப்யூட்டர்கள். 1959-இல் டெக்சகோவின் போர்ட் ஆர்தர் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு பிரிவை ஆர்.டபிள்யூ.-300 என்ற கம்ப்யூட்டர் நேரடியாகக் கட்டுப்படுத்தியது. 1960-களில் குழாய்களின் கண்ட்ரோல் ரூம்களுக்கும் கம்ப்யூட்டர்கள் வந்தன.

இங்கே காலத்தில் கொஞ்சம் முன்னே போய் வருவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. 2010 ஜூலை 25 அன்று மிச்சிகனில் மார்ஷல் என்ற ஊரருகே என்பிரிட்ஜ் கம்பெனியின் 30 அங்குலக் குழாய் கிழிந்தது. திட்டமிட்டபடி குழாயை நிறுத்திக்கொண்டிருந்த நேரம். எட்மன்டன் நகரிலிருந்த கண்ட்ரோல் ரூமில் எச்சரிக்கை மணிகள் அடித்தன. குழாய்க்குள் எண்ணெய்த் தொடர் இடையில் அறுந்து வெற்றிடம் விழுந்திருக்கிறது என்று அங்கிருந்தவர்கள் எடுத்துக்கொண்டு, அதை நிரப்புவதற்காக இரண்டு முறை பம்புகளை மறுபடி ஓடவிட்டார்கள். 17 மணி நேரத்துக்குப் பின், எரிவாயுக் கம்பெனி ஊழியர் ஒருவர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகே உண்மை தெரிந்தது. கலமசூ ஆற்றை நாசமாக்கிய அந்த எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு, மறுபடி ஓடவிட்டதால் கொட்டியது என்று விசாரணை அறிக்கை சொன்னது. மணிகளுக்குக் குறைவில்லை, திரைகளுக்குக் குறைவில்லை. தெளிவாகத் தெரியாதவரை ஓடவிடக் கூடாது என்று 1950-களில் நிலையத்துக்குள் பூட்டி வைத்த அந்தக் கண்டிப்பு, கண்ட்ரோல் ரூமின் பழக்கமாக ஆகவில்லை. போய்க் கண்ணால் பார்த்து, கைப்பிடியைக் கையால் திருகும் அந்த ஆளுக்கு ஈடான ஒன்றை அங்கே யாரும் வைக்கவில்லை.

*

ஆளில்லா நிலையங்கள் வந்தபோது குடியிருப்புகள் காலியாயின. அங்கே நின்றவர்கள் முள்ளைப் பார்த்தது மட்டுமா? பம்பின் சத்தம் மாறியதைக் கேட்டார்கள். சூடேறிய பேரிங்கை முகர்ந்தே கண்டுபிடித்தார்கள். நிலத்தடியில் ஒழுகி மேலே புல் கருகியதைப் பார்த்தார்கள். வெப்பம் உணரும் கருவியும் ஆவி உணரும் கருவியும் இதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டன. புல்லைப் பார்க்க ஒன்றும் வரவில்லை. சிறு விமானத்தில் தாழப் பறந்து பாதையைப் பார்க்கும் வழக்கம் அந்த இடத்தை ஓரளவு நிரப்பியது.

இந்தியாவுக்கு இந்தக் கலை வந்தது அசாம் வழியாக. நாகர்கட்டியாவில் 1953-இலும் மோரானில் 1956-இலும் எண்ணெய் கிடைத்தது. 1959-இல் தொடங்கிய ஆயில் இந்தியா கம்பெனி, குவாஹாத்தியின் நூன்மாத்திக்கும் அங்கிருந்து பீகாரின் பரவுனிக்கும் எண்ணெயைக் கொண்டுபோகக் குழாய் போட்டது. முதல் பகுதி 401 கிலோமீட்டர், 16 அங்குலம், 1962-இல் ஓடத் தொடங்கியது. அடுத்த 756 கிலோமீட்டர் 14 அங்குலம். கிழக்குப் பாகிஸ்தான் குறுக்கே இருந்ததால், வடக்கு வங்காளத்தின் ஒடுங்கிய நிலப்பட்டை வழியே வளைந்து போயாக வேண்டிய பாதை. பிரம்மபுத்திரா உட்பட 78 ஆறுகள். மோரான், ஜோர்ஹாட், சேகோனி, பொங்காய்காவ், மதாரிஹாட் என்று பம்ப் நிலையங்கள். அவற்றுக்கிடையே செய்தியைக் கைமாற்றிவிடும் ரிப்பீட்டர் நிலையங்கள். முழுவதும் தானியங்கி, தொலையளவைக் குழாய் என்பதையே ஆயில் இந்தியா இதற்கு அடையாளமாகச் சொல்லிவருகிறது.

அமெரிக்காவில் கற்ற பாடத்துக்கு இங்கே ஒரு முட்டுக்கட்டை இருந்தது. மேல் அசாம் எண்ணெயில் மெழுகு அதிகம். ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கிவிடும். அசாமின் குளிர்காலத்தில் மண்ணுக்குள் அதைவிடக் குறைவான வெப்பம்தான். சந்தேகம் வந்தால் நிறுத்து என்பது டெக்சாஸ் எண்ணெய்க்குச் சரி. இங்கே நிறுத்தினால், குழாய்க்குள் இருப்பது நேரம் ஆக ஆகக் களியாகிவிடும். இறுகிய எண்ணெயை மறுபடி அசைக்க வேண்டிய அழுத்தம், ஓடிக்கொண்டிருக்கும்போது தேவைப்படுவதைவிடப் பல மடங்கு. குழாய் அதைத் தாங்குமா என்பதே கேள்வியாகிவிடும்.

கட்டுப்பாட்டுக் கருவிகளை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. எண்ணெயையே மாற்ற வேண்டியிருந்தது. குழாயின் தொடக்கமான துலியாஜானில் ஒரு பதப்படுத்தும் ஆலை கட்டினார்கள். எண்ணெயை ஏறத்தாழ 95 டிகிரிக்குச் சூடாக்கி மெழுகு முழுவதையும் கரைத்து, பிறகு அவசரப்படாமல், கட்டுப்பாடான வேகத்தில் ஏறத்தாழ 18 டிகிரி வரை ஆறவிடுவார்கள். அப்படி நிதானமாக ஆறும்போது மெழுகுப் படிகங்கள் வலைபோல் பின்னிக்கொள்ளாமல் தனித்தனி உருண்டைகளாகத் திரளும். எண்ணெய் குளிரிலும் ஓடும். நின்றுபோனாலும் மறுபடி அசைக்கலாம். ஆற்றும் வேகம் தப்பினால் பதம் கெட்டுவிடும் என்பதால், அந்த ஆலையின் வெப்பக் கட்டுப்பாடுதான் 1,157 கிலோமீட்டர் குழாய் முழுவதற்கும் முதல் காவல். கீழே எந்த நிலையம் எப்போது டிரிப் ஆனாலும், அங்கிருந்து மறுபடி கிளம்ப முடியுமா என்பது துலியாஜானிலேயே தீர்மானமாகியிருக்கும்.

(அடுத்த இதழில்: உறைந்த மண்ணின்மேல் சூடான எண்ணெய் – அலாஸ்கா, 1977)